பழைய முகத்துக்குக் கிடைத்த அனுமதி

அக்கா இருக்கும் நாட்டுக்குப் போக விசா வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் அதையேதான் சொன்னாள். "உங்க பாஸ்போர்ட்டுக்கு விசாவே வேண்டாம்டி. டிக்கெட்டைப் போட்டுட்டுக் கிளம்பி வர வேண்டியதுதான்." விசா வேண்டாம் என்பது உண்மைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விசா வேண்டாத ஆட்கள், தாங்கள் விசா வேண்டாத ஆட்கள்தான் என்று கிளம்புவதற்கு முன்னாலேயே போனில் ஒரு பயண அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மூன்று நாளைக்குப் போனாலும் வேண்டுமாம். கைக்குழந்தைக்கும் தனியாக வேண்டுமாம். அப்படியென்றால் இதற்கும் விசாவுக்கும் என்னதான் வித்தியாசம் என்று இவரிடம் கேட்டேன்.

"விசான்னா ஸ்டாம்ப் அடிப்பான். இதுல அடிக்க மாட்டான்" என்றார்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது டிப்போவுக்குத்தான் தெரியும், வீட்டில் மிக்ஸிக்கும் குழாய்க்கும் எனக்கும் தெரியாது. எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பார். "போன்ல அனுமதி வாங்கணுமாம், யாராவது தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கலாமா?" என்றதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பஸ்ஸையே பிரிச்சு மாட்டுனவன் நான். ஒரு போனுக்குப் பயப்படுவேனா?" அதோடு அந்த வேலை அவர் கைக்குப் போய்விட்டது.

நான் போக வேண்டியிருந்தது அக்காவின் கல்யாணத்துக்கு. ஆமாம், அக்காவின் கல்யாணத்துக்கேதான். எழுபதைத் தாண்டியவள். அத்தான் போய்ப் பல வருடம் ஆகிறது. முட்டி வலிக்குத் தண்ணீரில் நடக்கச் சொல்லி டாக்டர் அவளை நீச்சல் குளத்துக்கு அனுப்பினார். நடக்கப் போனவள் நீந்தக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவரையே கட்டிக்கொள்ளவும் முடிவு செய்துவிட்டாள். அவரும் மனைவியை இழந்தவர்தான். நீச்சல் மாஸ்டர் என்றுதான் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர்.

வெள்ளிக்கிழமை காலையில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பெண் பக்கம் ஒரு சாட்சி, மாப்பிள்ளை பக்கம் ஒரு சாட்சி, அவ்வளவுதான் கூட்டம். மாஸ்டர் பக்கம் அவருடைய பழைய மாணவன் ஒருவன் வருகிறான். அக்கா பக்கம் அவள் மகன் வருவதாக இருந்தது. முதலில் சரி என்று தலையாட்டியவன், நாள் நெருங்க நெருங்க இழுக்க ஆரம்பித்து, கடைசியில் "என்னால முடியாதும்மா, அப்பா இருந்த இடம்" என்று சொல்லிவிட்டான். அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடேன் அக்கா. கையெழுத்துதானே?"

"ரோட்டுல போறவங்களைப் பிடிச்சுக் கையெழுத்து வாங்க நான் என்ன வாடகைப் பத்திரமா எழுதுறேன்? என் பக்கம் எங்க வீட்டு ஆள் ஒருத்தராவது நிக்கணும். யாருமே இல்லைன்னா நான் என்னமோ திருட்டுத்தனம் பண்ற மாதிரி ஆயிடாது? நீ வா. இல்லைன்னா நிறுத்திடுறேன்."

"தேதியைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோ. அவன் கோபம் தணியட்டும்."

"தள்ளி வெச்சா அவன் தணிய மாட்டான்டி, நான்தான் தணிஞ்சிடுவேன். தினமும் போன் பண்ணி அழுறான். பெத்தவ எத்தனை நாளைக்குத் தாங்குவேன் சொல்லு."

இதற்கு மேல் என்ன சொல்ல? வருகிறேன் என்றேன். இவரும் வருகிறேன் என்றார், ஆனால் எப்படி வருகிறாராம் தெரியுமா?

"துணைக்கு வர்றேன். பெட்டி தூக்க வர்றேன். அந்த ஆபீஸுக்குள்ள மட்டும் கால் வைக்க மாட்டேன். கையெழுத்தும் போட மாட்டேன், என்னைக் கேக்கவும் கூடாது. அவங்க இங்க இருந்தப்ப அந்தப் பையன் சித்தப்பா சித்தப்பான்னு என் பின்னாடியே சுத்தி வளர்ந்தவன். நாளைக்கு அவன் முகத்துல நான் முழிக்க வேண்டாமா? அதோட, எழுபது வயசுல எதுக்கு இதெல்லாம்?"

"எழுபது வயசுல உங்களுக்குக் காபி போட நான் இருக்கேன். அதனால உங்களுக்கு அப்படித்தான் தோணும்."

அவர் போனைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் செயலியைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். முதலில் முகத்தைப் படம் எடுக்கச் சொன்னது. எடுத்தோம். கண்ணாடியைக் கழற்று என்றது. கழற்றினேன். கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு எதிரில் இருப்பது இவரா அலமாரியா என்றே தெரியாது. "திரையில் தெரியும் வட்டத்துக்குள் முகத்தை வைக்கவும்" என்றது. எங்கே வட்டம், எங்கே திரை? சிரிக்கக் கூடாது என்றது. நான் எங்கே சிரித்தேன்? பின்னால் வெறும் சுவர் வேண்டும் என்றது. எங்கள் வீட்டில் வெறும் சுவரே இல்லை, எல்லாச் சுவரிலும் இவர் ஏதாவது ஆணி அடித்து எதையாவது மாட்டி வைத்திருக்கிறார். கடைசியில் குளியலறைக் கதவு ஒன்றுதான் வெள்ளையாக மிஞ்சியது. அதன் முன்னால் என்னை நிறுத்தி, டிப்போவில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்க வைப்பதுபோல் இவர் கைகாட்ட ஆரம்பித்தார்.

"லெப்டு... லெப்டு... ஒடிச்சு வா... இன்னும் வா, வா, வா... போதும், போதும்! ஏய், இடிச்சுட்ட பாரு."

"மனுஷியை நிக்க வெச்சிருக்கீங்களா, வண்டியை நிக்க வெச்சிருக்கீங்களா?"

"வண்டின்னா இந்நேரம் நின்னிருக்கும்."

அடுத்து கேள்விகள். இவர் சத்தமாகப் படிப்பார், நான் பதில் சொல்ல வேண்டும்.

"நீ எப்பவாவது ஏதாவது தீவிரவாத இயக்கத்துல இருந்திருக்கியா?"

"உங்க அம்மாகூட ஒரே வீட்டுல இருந்தேன். அதைச் சேர்த்துக்குவாங்களான்னு பாருங்க."

"இல்லைன்னு போடுறேன். போர்க் குற்றம் ஏதாவது?"

"இன்னும் இல்லை. நீங்க இப்படியே கேட்டுட்டு இருந்தீங்கன்னா சொல்ல முடியாது."

இவ்வளவும் தாண்டி வந்தால் கடைசியில் பாஸ்போர்ட்டுக்குள் ஏதோ சிப் இருக்கிறதாம், அதன் மேல் போனை வைத்தால் அது தானாகப் படித்துக்கொள்ளுமாம். இவருடைய பாஸ்போர்ட்டை வைத்தார், டிங் என்றது, முடிந்தது. என்னுடையதை வைத்தார். ஒன்றும் இல்லை. மெதுவாக நகர்த்தவும் என்றது. இஸ்திரி போடுவதுபோல் மேலும் கீழும் தேய்த்தார். திருப்பிப் போட்டுத் தேய்த்தார். மேஜை விளிம்பில் பாஸ்போர்ட்டை ரெண்டு தட்டுத் தட்டினார். "மீண்டும் முயற்சிக்கவும்" என்று அது சொல்லும், இவர் முயற்சிப்பார், இவர் முகம் சிவக்கும். நான் பக்கத்தில் நின்று "மெதுவா, மெதுவா" என்று சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நீ போய் டீ போடு. நீ நின்னா எனக்கு வேலை ஓடாது."

போனேன். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் டிங் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் மனிதர் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டிருக்கிறார்.

"என்ன பண்ணீங்க?"

"அதெல்லாம் தொழில் ரகசியம். ஆச்சுல்ல? அதோட விடு."

அந்த ரெண்டு வார்த்தைக்கு மேல் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீ ஆறுவதற்குள் இருவருக்கும் அனுமதி வந்துவிட்டதாக மெயில் வந்தது. நானும் அக்காவுக்குப் போன் போட்டு, "உன் நாட்டுக்காரன் என்னை உள்ள விட ஒத்துக்கிட்டான்" என்று பெருமை அடித்துக்கொண்டேன். அவள் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் விமானம். நேரத்தோடு போய் வரிசையில் நின்று, எங்கள் முறையும் வந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் சின்னப் பெண், சிரித்த முகம். இவருடைய பாஸ்போர்ட்டை வைத்தாள், சீட்டு அச்சாகி வெளியே வந்தது. என்னுடையதை வைத்தாள். தட்டினாள். மறுபடியும் தட்டினாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"ஆன்ட்டி, நீங்க பயண அனுமதி வாங்கலையா?"

"வாங்காம எப்படிம்மா வருவேன்? இதோ மெயில்."

மெயிலை வாங்கிப் பார்த்தாள். பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். மறுபடி மெயில், மறுபடி பாஸ்போர்ட்.

"இதுல இருக்கிற பாஸ்போர்ட் நம்பர் வேற ஆன்ட்டி. நீங்க கொண்டு வந்திருக்கிற பாஸ்போர்ட் வேற."

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கூரையில் இருந்த விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணும் இல்ல." தொண்டையைச் செருமினார். "புதுசு ரீட் ஆகலை. எவ்வளவு நேரம்தான் தேய்க்கறது? பழசு அலமாரியில இருந்துச்சு. சும்மா வெச்சுப் பார்த்தேன், டக்குனு எடுத்துக்கிச்சு."

"பழசா?"

நான் சொல்லிவிடுகிறேன். என் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் கிழிந்துபோய், காலம் இன்னும் பாக்கி இருக்கும்போதே அதைக் கொடுத்துப் புதுசு வாங்கினேன். செல்லாது என்பதற்கு அடையாளமாகப் பழசின் மூலையைக் கத்தரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதைத்தான் இந்த மனிதர் எடுத்து வைத்திருக்கிறார்.

"மூலையை வெட்டினதுங்க அது!"

"மூலையைத்தானே வெட்டியிருந்தான்? சிப்பை வெட்டலையே. ஆள் ஒண்ணு. பேரு ஒண்ணு. முகம் உன் முகம்தான், கொஞ்சம் இளமையா இருக்கு. டிப்போவுல புது பார்ட்டு உட்காரலைன்னா பழசைக் கழுவி மாட்டி வண்டியை ரூட்டுல அனுப்புவோம். ஓடும்."

"ஓடலையே! நான் இங்க நிக்கிறேனே!"

கவுன்ட்டர் பெண் பொறுமையாகச் சொன்னாள். "அங்கிள், இந்த அனுமதி ஆளுக்கு இல்ல. புத்தகத்துக்கு. அந்தப் புத்தகம்தான் போகலாம், ஆன்ட்டி போக முடியாது."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு எரிச்சலில் காது சுட்டது.

"இப்பவே புதுசா விண்ணப்பிங்க, உடனே வந்தாலும் வரும்" என்றாள் அந்தப் பெண். "ஆனா ஏன் ரீட் ஆகலை? இந்த உறையைக் கழட்டிட்டு வெச்சீங்களா?"

உறை! என் புதுப் பாஸ்போர்ட்டுக்கு இவர் ஆசையாக ஒரு உறை வாங்கிப் போட்டிருந்தார். உள்ளே வெள்ளிக் காகிதம்போல் பளபளக்கும். கூட்டத்தில் எவனாவது பைக்குப் பக்கத்தில் மெஷினை வைத்துப் பாஸ்போர்ட்டில் இருப்பதைத் திருடிவிடுவானாம், இந்த உறை போட்டால் எந்தத் திருடனாலும் படிக்க முடியாதாம். ஒன்றுதான் இருந்தது என்று தனக்கு வாங்காமல் எனக்கு வாங்கினார். திருடனால் படிக்க முடியாதது எங்களாலும் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் உறையை உருவிவிட்டுப் போனை வைத்தாள். டிங்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். எனக்காக வாங்கிய உறை, என்னவென்று திட்டுவது?

பிறகு அங்கேயே ஒரு வெள்ளைத் தூண் ஓரமாக நின்று எல்லாவற்றையும் மறுபடி செய்தோம். கண்ணாடியைக் கழற்றினேன், சிரிக்காமல் நின்றேன், அதற்குக் கஷ்டமே இருக்கவில்லை. தீவிரவாத இயக்கத்தில் இல்லை என்று மறுபடி சொன்னேன். அனுப்பினோம். "பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். பரிசீலனையிலேயே இருந்தது.

கவுன்ட்டர் பெண் ஆள் குறைந்த நேரத்தில் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "ஒரே ஆள் பேர்ல ரெண்டு பாஸ்போர்ட், ரெண்டு விண்ணப்பம் இருக்குல்ல ஆன்ட்டி. இனிமே மெஷின் பார்க்காது, ஆள் உட்கார்ந்துதான் பார்ப்பாங்க. எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. அடுத்த விமானம் சனிக்கிழமைதான்."

கல்யாணம் வெள்ளிக்கிழமை.

"அங்கிளுக்கு மட்டும் சீட்டு ரெடியா இருக்கு. அவர் போறாரா?"

"போறார்" என்றேன் நான்.

"போகலை" என்றார் இவர்.

"நீங்க போங்க."

"உன்னை இங்க விட்டுட்டு நான் எதுக்குப் போறேன்? எனக்கு அங்க என்ன வேலை? நான் பெட்டி தூக்க வந்தவன். பெட்டிக்காரியே வரலை."

"எங்க அக்கா பக்கம் ஒருத்தராவது நிக்கணும்."

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டேன்."

"போட வேண்டாம். யாரு போடச் சொன்னா? போய் நில்லுங்க. அவ திரும்பிப் பார்க்கும்போது நம்ம வீட்டு முகம் ஒண்ணு தெரியட்டும். உங்க முகத்துக்குத்தான் அனுமதி இருக்கு, என் முகத்துக்கு இல்லை. அதுக்கு யாரு காரணம்?"

நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் வேலை செய்தது. மனிதர் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் கையில் இருந்த சாப்பாட்டுப் பையை வாங்கி, பாதியை எடுத்து என்னிடமே கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சோதனை வாசலுக்குள் போய்விட்டார். தனியாக விமானத்தில் போனதே இல்லை அவர்.

அக்காவுக்கு டாக்சியில் இருந்து போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். விடுடி. நடக்கக் கூடாதுன்னு இருக்கு போல. நான் அவர்கிட்ட சொல்லிடுறேன்."

"ஒண்ணும் சொல்லாதே. இவர் வர்றார்."

"உன் வீட்டுக்காரரா? அவர்தான் ஆபீஸுக்குள்ளயே வர மாட்டேன்னு சொன்னாராமே. தம்பிக்கு என்னைப் பத்தி என்ன நினைப்புன்னு எனக்குத் தெரியாதா?"

"அவர் மனசுல ஆயிரம் நினைக்கட்டும். அவர் வந்து நிப்பார். நாளைக்குக் காலையில நீ அங்க போற. போகலைன்னா நான் உன்கிட்ட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன், ஆமா."

அன்று முழுக்க அந்த அனுமதியைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. பரிசீலனை, பரிசீலனை, பரிசீலனை. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாக வந்து சேர்ந்தது அது, "தங்கள் பயணம் இனிதாகட்டும்" என்று. அதை விடுங்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் இவர் கூப்பிட்டார். "வந்துட்டோம். உங்க அக்காவும் அவரும் உள்ள வராந்தாவுல உட்கார்ந்திருக்காங்க. நான் வாசல் பெஞ்சுல இருக்கேன்."

"வாசல்லயா? உள்ள போய் நில்லுங்க."

"வாசல்ல நின்னாலும் நின்னதுதான்."

"சரி, போனை அணைக்காதீங்க. அப்படியே சட்டைப் பாக்கெட்டுல வையுங்க. எனக்குக் கேக்கட்டும்."

வைத்தார். எனக்குக் கேட்டதெல்லாம் அவர் சட்டைத் துணி உரசும் சத்தமும், அவர் மூச்சும்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு, சமையல் மேடையில் போனை வைத்து அதன்மேல் குனிந்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் வேகமாக யாரோ நடந்து வரும் செருப்புச் சத்தம்.

"சித்தப்பா! நீங்க எங்க இங்க?"

அக்கா மகன்! வர மாட்டேன் என்றவன் வந்திருக்கிறான். எதற்கு வந்திருக்கிறான் என்று சொல்லவா வேண்டும்.

"நல்ல வேளை நீங்க இருக்கீங்க. வாங்க சித்தப்பா, நீங்களும் வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

துணி பலமாக உரசியது. இவர் எழுந்து நடக்கிறார் என்று தெரிந்தது. "போகாதீங்க! அவன்கூடச் சேர்ந்துக்கிட்டு ஏதாவது சொல்லித் தொலைக்காதீங்க!" என்று நான் சமையலறையில் கத்தினேன். பாக்கெட்டுக்குள் இருந்து யாருக்குக் கேட்கும்?

"அம்மா, வா வீட்டுக்குப் போகலாம். சொன்னாக் கேளு. சித்தி கூட வரலை பாரு. யாருக்குமே இதுல இஷ்டம் இல்லம்மா."

அக்கா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. மெதுவாகப் பேசியிருப்பாள். அதற்குள் ஒரு கதவு திறந்து, அலுவலகக்காரர் ஒருவர் குரல். "அடுத்து யாரு? மாப்பிள்ளை பக்கம் சாட்சி வந்தாச்சா? பெண் பக்கம் சாட்சி?"

"வரலை சார்" என்றாள் அக்கா. அவள் குரல் எனக்குத் தெரியாதா? சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்து ஒன்றும் இல்லை என்பாளே, அந்தக் குரல். "என் தங்கச்சி வர்றதா இருந்துச்சு. வர முடியலை. பரவாயில்லைங்க, விட்டுடலாம். விட்டுடலாம் மாஸ்டர்."

"உங்க இஷ்டம் எப்படியோ, எனக்குச் சம்மதம்" என்றார் மாஸ்டர். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த நேரத்தில் அப்படியா சொல்வது? எனக்கு அவர் மேலும் எரிச்சல் வந்தது.

"அவ்வளவுதான் சார். ஆள் இல்லை, நாங்க கிளம்புறோம்" என்றான் மகன். "ஆளே இல்லாம என்னம்மா கல்யாணம்?"

அப்போதுதான் என் காதே அடைத்துப்போகும் அளவுக்கு ஒரு சத்தம். இவர்தான். பாக்கெட்டுக்கு மேலேதானே வாய் இருக்கிறது.

"யாருடா ஆள் இல்லைன்னு சொன்னது? என் பொண்டாட்டி கவுன்ட்டர் முன்னாடி கல்லு மாதிரி நிக்கிறா, அவளை ஆள் இல்ல, புத்தகம்தான் ஆளுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாங்க. வாயை மூடிட்டு வந்தேன். இங்கயும் வந்து நான் முழுசா நிக்கும்போது நீ ஆள் இல்லைங்குற. நான் யாரு, தூணா?"

"சித்தப்பா... நீங்களா?"

"நான்தான். உன் சித்தி வராம போனது என்னாலதான். அவ வந்திருந்தா இந்நேரம் கையெழுத்துப் போட்டுட்டு அடுத்து எங்க சாப்பிடறதுன்னு பார்த்துட்டு இருப்பா. தள்ளு. சார், எங்க போடணும்?"

"போடுங்க!" என்று நான் கத்தினேன். "போடுங்க, போடுங்க!" மேடையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது.

"அடையாளத்துக்கு ஏதாவது வெச்சிருக்கீங்களா?" என்றார் அலுவலகக்காரர்.

"பாஸ்போர்ட் இருக்கு. புதுசு. மூலையெல்லாம் நல்லா இருக்கு, பார்த்துக்கங்க."

"பெண்ணுக்கு நீங்க என்ன உறவு?"

எங்களுக்குக் கல்யாணமான நாளில் இருந்து அக்காவை இவர் எந்த முறையும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "உங்க அக்கா" என்று என்னிடம் சொல்வதோடு சரி. அவள்தான் தம்பி தம்பி என்பாள்.

"தம்பி முறை" என்றார். "தம்பின்னே போட்டுக்கங்க."

அக்கா அழும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பேனா எழுதவில்லை என்று இவர் குறை சொன்னதும் கேட்டது, வேறு பேனா கொடுத்தார்கள். அப்புறம் நாற்காலிகள் நகர்ந்தன, அலுவலகக்காரர் ஏதோ கடகடவென்று படித்தார், மாஸ்டர் "சம்மதம்" என்றார், அக்கா சொல்வதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு "சம்மதம்" என்றாள். நான் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விழுந்த கரண்டியை எடுத்து வைத்தேன்.

கொஞ்சம் பொறுத்துப் பாக்கெட்டில் இருந்து போன் வெளியே வந்தது.

"இருக்கியா?"

"இருக்கேன். எல்லாம் கேட்டேன். அந்தப் பையன் என்ன பண்றான்? கோவிச்சுட்டுப் போயிட்டானா?"

"வாசல் பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். உள்ளயும் வரலை, கிளம்பிப் போகவும் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுட்டு இருக்கான்."

"பக்கத்துல போய் உட்காருங்க."

"அங்கதான் போயிட்டு இருக்கேன். எனக்கு நீ சொல்லணுமா?"

"புத்திமதி ஒண்ணும் சொல்லாதீங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? காலையில சாப்பிட்டானான்னு கேக்கப் போறேன்."

பெஞ்சு கிரீச்சிட்டது. இவர் கேட்டார், அவன் ஏதோ முனகினான். பிறகு ரொம்ப நேரம் இருவரும் பேசவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"சித்தியா லைன்ல?" என்றான் கடைசியில்.

"ஆமா. இந்தா."

போன் கை மாறியது. அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"சித்தி... நீங்க ஏன் சித்தி வரலை? நீங்க வந்திருந்தா நான் இப்படி வந்து கத்தியிருப்பேனா?"

"அதை ஏன்டா கேக்குற" என்று நான் ஆரம்பித்தேன்.